வேலைக்குச் சேர குப்பை வண்டியா, மறுசுழற்சி ஆலையா?

உடனே கைக்கு வரும் சம்பளத்தைப் பார்த்தால் வண்டி ஓட்டுநர் பக்கம்தான் கனம். கனரக வாகன உரிமம் வைத்திருப்பவர்களுக்குத் தட்டுப்பாடு உண்டு. விடியற்காலை ஷிப்ட், ஓவர்டைம் என்று கூடுதலும் சேரும். தொழில் படுத்தாலும் குப்பை சேராமல் இருக்காது, அதனால் வேலை நிலைக்கும். முதுகும் முழங்காலும்தான் பாவம். தொட்டியைத் தானே தூக்கிக் கவிழ்க்கும் இயந்திரக் கை வைத்த வண்டிகள் வந்த இடங்களில் ஏற்றும் ஆட்கள் குறைந்தார்கள், ஓட்டுநர் மிஞ்சினார்.

ஆலையில் கதை வேறு. ஓடும் பெல்ட் முன் நின்று பாட்டிலையும் அட்டையையும் பிரிப்பவருக்குச் சம்பளம் குறைவு. அந்த இடத்தையும் கேமரா வைத்த இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு வருகின்றன. அதே இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியனுக்கோ நல்ல கிராக்கி. சரி, ஆபத்தே இல்லையா? பழைய பிளாஸ்டிக்கின் விலை விழுந்தால் ஆலை ஆட்டம் காணும். 2018-ல் சீனா கழிவு பிளாஸ்டிக் இறக்குமதியை நிறுத்தியபோது, அங்கே அனுப்பிவந்த பல நாடுகள் திண்டாடின. மறுபக்கம், குப்பைக் கிடங்கில் கொட்டும் நகர்ப்புறக் கழிவை 2035-க்குள் மொத்த நகர்ப்புறக் கழிவில் 10 சதவீதத்துக்குள் அடக்க ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. அங்கே பிரிக்கும் ஆலைகளுக்குத் தேவை கூடும்.

என்னைக் கேட்டால், பெல்ட் வேலையில் சேருமுன் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாற வழி உண்டா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டியரிங்கே மேல்.