முதுகா, தோளா, கையா: மடிக்கணினிப் பை ஓர் ஒப்பீடு

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்றுதான் போகும். அந்தத் தூரத்தைக் காலையும் மாலையும் மடிக்கணினியோடு கடப்பவன் நான். இதுவரை மூன்று வகைப் பைகளைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன்: முதுகில் மாட்டுவது, ஒரு தோளில் தொங்குவது, கைப்பிடி வைத்த தோல் பை. கடைக்காரர் மூன்றையும் மேசைமேல் பரப்பினால் கண் தோல் பைமீதுதான் போகும். பஸ்ஸில் ஏறியதும் வரிசை தலைகீழாகிவிடும்.

தோல் பையை முதலில் முடித்துவிடுகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்குத் தோல்மீது பாசம் இருப்பது நியாயம்தான். ஹைடிசைன் என்ற தோல் பை நிறுவனம் 1978-இல் இந்த ஊரில்தான் பிறந்தது. நல்ல தோல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் வெறும் பையே கனக்கும். கடற்காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பூக்கும். நான் வாங்கியதோ தோலே அல்ல, துணிமேல் பாலியூரித்தேன் பூசிய போலி. ஈரக்காற்று அந்தப் பூச்சை மெல்ல அரித்துவிடும். மூன்றாவது மழைக்காலத்தில் மூலைகள் செதில் செதிலாக உரிந்து, என் வெள்ளைச் சட்டையெல்லாம் கரும்பொடி. இன்னொன்று: மேலே கம்பியைப் பிடிக்க ஒரு கை, நடத்துநருக்குச் சில்லறை எடுக்க ஒரு கை. பையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? காரில் போகிறவர்கள் வாங்கட்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

தோள் பையில் ஒரு சுகம் உண்டு. கூட்டத்தில் முன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம், நின்றபடியே திறக்கலாம், மே மாத வெயிலில் முதுகு நனையாது. ஆனால் எடையைக் கூட்டிப் பாருங்கள். 15.6 அங்குலக் கணினி ஏறக்குறைய 2 கிலோ, சார்ஜர், சாப்பாட்டு டப்பா, ஒரு லிட்டர் தண்ணீர்: நான்கு கிலோவை ஒற்றைத் தோள் தாங்க வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் இன்னும் மோசம். பிரேக் பிடித்தால் பை முதுகிலிருந்து நழுவி வயிற்றுக்கு வந்துவிடும். பஸ் படியில் ஏறும்போது ஊசலாடிக் கம்பியில் இடிக்கும். என் பழைய கணினியின் மூலை நசுங்கியது அப்படித்தான்.

முதுகுப் பை எடையை இரண்டு தோள்களுக்கும் பங்கிடுகிறது. அதன் குறை, பின்னால் நடப்பது நமக்குத் தெரியாது என்பதே. நாம் திரும்பினால் அடுத்தவர் மூக்கில் இடிக்கும்; ஜிப் யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் கூட்டத்தில் அதைக் கழற்றி, உட்கார்ந்திருப்பவரிடம் கொடுப்பதே நம் ஊர் வழக்கம். மடிக்கணினி என்ற பெயர் அப்போதுதான் பொருந்துகிறது, மடி மட்டும் வேறு ஒருவருடையது. ஒரு மாலை அப்படி ஒரு பெரியம்மாவிடம் கொடுத்தேன். “கொடு தம்பி, கண்ணாடிச் சாமானா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தவளக்குப்பத்தில் சுருக்குப்பையைத் தேட வேண்டியிருந்ததால், என் பையைக் கீழே வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, தொப்பென்று விட்டார். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அந்தப் பையில் கணினிக்கான உள்ளறை அடிவரை இறங்காமல், இரண்டு விரல் உயரத்தில் தொங்குகிறது.

பை வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான். கணினியை உள்ளே வைத்து, பையின் அடியில் விரலால் அழுத்துங்கள். கணினியின் விளிம்பு தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பக்கங்களில் எவ்வளவு பஞ்சு இருந்தாலும் பை விழுவது அடிப்பக்கமாகத்தான். கணினியைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போவதும் நல்லது, 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு, உடலின் அகலம் அல்ல.

அடுத்தது மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு எந்தப் பையும் ஈடு இல்லை. சாதாரண ஐப்பசி மழையில்கூடத் துணியைவிட ஜிப்பும் தையலும்தான் ஒழுகும். ஆகவே ஜிப்பை மூடும் மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1680 டெனியர் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூலின் எடை அத்தனை கிராம் என்பதே அதன் பொருள். நூலின் தடிமன் தெரியும், தையலின் யோக்கியதை தெரியாது. உலோக ஜிப் உப்புக்காற்றில் இறுகிப்போகும், பிளாஸ்டிக் பல் போதும். தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே தனிப் பை இல்லாவிட்டால், மழையே இல்லாத நாளிலும் கணினி நனையும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெரிய பெயர் ஒட்டிய பைகள் மலிவாகக் கிடைக்கும். பெயரை மறந்துவிட்டு, தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டித் தையல் போட்டிருந்தால் பேரம் பேசலாம்.

தினமும் பஸ்ஸிலோ வண்டியிலோ போகிறவர்களுக்கு என் ஓட்டு முதுகுப் பைக்கே. ஊருக்குள் நடந்து போகிறவர், ஒன்றரைக் கிலோவுக்குள் சிறிய கணினி வைத்திருப்பவர் தோள் பை வாங்கலாம். என் தோள் பையையும் நான் எறிந்துவிடவில்லை. முருங்கைக்காய் வாங்கப் போகும்போது அதன் நீளத்துக்கு ஈடு கிடையாது.