7,500 ரூபாய் போச்சு: ‘எந்த சேம்பருக்கு எந்தத் தோட்டா’ ஆன்லைன் கோர்ஸ்ல சேரப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி அந்தக் கோர்ஸை வித்த நம்பர் என்னை பிளாக் பண்ணிடுச்சு. போனது 7,500 ரூபாய். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து எக்ஸ் சர்வீஸ்மேன் குரூப்புங்கள்ல இன்னமும் அதே விளம்பரம் ஓடிக்கிட்டிருக்கு, அதனாலதான் ஆறப்போடாம எழுதுறேன்.

துப்பாக்கி பத்தி வகுப்பு எடுக்கிறதா சொல்ற ஒரு ஆப். ரைஃபிள் சேம்பர் (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற இடம்) வகைகள், ஒவ்வொண்ணுக்கும் ஒத்துப்போற தோட்டா, எல்லாம் தமிழ்ல, கூடவே சர்டிபிகேட்டுன்னு சொன்னாங்க. எங்க கம்மவான்பேட்டைல வீட்டுக்கு வீடு பட்டாளம்தான். ரிட்டயர் ஆனதும் லைசென்ஸ் எடுத்து பேங்க்ல கன்மேனா போறவங்க உண்டு. நானும் .315 ரைஃபிள் வாங்கறதா, 30-06 ரைஃபிள் வாங்கறதான்னு யோசிச்சிக்கிட்டிருந்த நேரம்.

போன்ல பேசின பையன், “இன்னாண்ணா, நானும் ஆற்காட்டுக்காரன்தாண்ணா. எங்கப்பாவும் பட்டாளம்தான். நம்பாளுங்களையே ஏமாத்துவனா?”ன்னான். நான் எந்த யூனிட்டு, எங்கெல்லாம் போஸ்டிங்குன்னு பொறுமையா விசாரிச்சான். பட்டாளத்தான் மகன்னு சொல்லி ஒருத்தன் அப்படிக் கேட்டா இங்க யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அன்னைக்கே 7,500 அனுப்பிட்டேன்.

உள்ள போனா, வெளிநாட்டு வேட்டை வீடியோவை வெட்டி ஒட்டியிருக்காங்க. .315 பத்தி ஒரு வரி கிடையாது. அதைக்கூட விடுங்க. அவங்க அட்டவணைல .308 தோட்டாவும் 30-06 தோட்டாவும் “ஒரே அளவு, மாத்திப் போடலாம்”னு இருக்கு. படிச்சதும் வயிறு பத்திக்கிச்சு. புல்லட் விட்டம் ஒண்ணுதான், ஆனா கேஸ், அதாவது தோட்டாவோட கூடு, .308-க்கு 51 மி.மீ. நீளம், 30-06-க்கு 63 மி.மீ. ரெண்டுக்கும் ரிம் (கேஸோட அடி விளிம்பு) வெளிய நீட்டிக்கிட்டு இருக்காது. கேஸோட தோள்தான், அதாவது முன்பக்கம் குறுகுற இடம்தான், சேம்பர்ல முட்டி நிக்கணும். 30-06 சேம்பர்ல .308-ஐப் போட்டா அந்தத் தோள் எங்கயும் முட்டாது. சுட்டா கேஸ் உப்பும், கிழியவும் கிழியும், சூடான வாயு மூஞ்சி பக்கமே திரும்பும். .315 வேற மாதிரி, பழைய .303 போல ரிம்ல நிக்கிற தோட்டா.

5.56 தோட்டாவும் .223 தோட்டாவும் ஒண்ணுதான்னும் போட்டிருக்காங்க. 5.56 சேம்பர்ல புல்லட் ரைஃப்ளிங்கை (பேரல் உள்ள இருக்கிற சுருள் வரிகளை) தொடுறதுக்கு முன்னாடி இடம் கொஞ்சம் அதிகம். அதுல .223 சுடலாம். .223 சேம்பர்ல 5.56 போட்டா பிரஷர் எகிறும். பட்டாளத்துல 5.56 இன்சாஸ் ரைஃபிள் தூக்கின என்கிட்டயே இதை விக்கிறானுங்க!

கேட்டதுக்கு முதல்ல “அப்டேட் வரும்ணா”. அப்புறம் “டீம்கிட்ட கேட்டு சொல்றேண்ணா”. 7,500-ஐத் திருப்பிக் கொடுன்னதும் அண்ணா போய் சார் வந்துடுச்சு: “வீடியோ ஓபன் பண்ணிட்டீங்க சார், ரீஃபண்ட் கிடையாது.” அதோட பிளாக். சர்டிபிகேட்டைக் காட்டினப்போ செக்யூரிட்டி ஏஜென்சில அதைக் கையிலகூட வாங்கலை.

என்ன பார்த்து சேரணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியலை. பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க. ஆர்மரர் (பட்டாளத்துல ஆயுதம் ரிப்பேர் பார்க்கிறவர்) வேலை பார்த்தவங்க ஊர்ல இருக்காங்க, அவங்களைக் கேளுங்க. பேரல்ல அடிச்சிருக்கிற போர் (bore) அளவும் தோட்டா அடியில அடிச்சிருக்கிறதும் ஒத்துப்போகலைன்னா போடவே போடாதீங்க. அந்த அட்டவணை யார் போன்ல இருந்தாலும் இன்னைக்கே அழிச்சிடுங்க.