20 வெள்ளி பிஎச் பேனா: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

கரைசலின் அமில, காரத் தன்மையை (பிஎச்) அளக்க இணையக் கடைகளில் 20 வெள்ளிக்குள் கிடைக்கும் மஞ்சள் நிற பிஎச் பேனாவைப் பற்றி வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "காய்ச்சி வடித்த நீரில் 7 காட்டவில்லை" என்பது. அது பேனாவின் கோளாறு அல்ல. அந்த நீரில் அயனிகள் மிகக் குறைவு, அதனால் எண் நிலைக்காமல் அலையும். காற்றிலுள்ள கரியமில வாயு கரையக் கரைய அளவு 5.6 வரைகூட இறங்கும். பேனாவைச் சோதிக்கத் தாங்கல் கரைசல்தான் (பிஎச் எளிதில் மாறாத, அளவு முன்பே தெரிந்த கரைசல்) சரி.

பெட்டியில் 6.86, 4.01 என்று இரண்டு பொடிப் பொட்டலங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும்; பேரங்காடியில் விற்கும் போத்தல் நீரே போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் கரைசலின் அளவை மாற்றிவிடும். முதலில் 6.86 கரைசலில் பேனாவை நனைத்து அந்த எண்ணைக் காட்டும்படி சரிசெய்யுங்கள், அலசித் துடைத்தபின் 4.01இல் நனையுங்கள். ஒவ்வொன்றிலும் எண் நிற்கும்வரை அரை நிமிடமாவது காத்திருங்கள். 6.86ஐச் சரிசெய்த பிறகும் மற்றதில் 4.5 போலக் காட்டினால் பேனா முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்துவிட்டது. நல்ல மின்முனை (அந்தக் குமிழ் உள்ள உணர்பகுதி) ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் தரும். தேய்ந்தது அவ்வளவு தராது. பல பேனாக்கள் உலர்ந்தே வந்து சேர்கின்றன. 4.01 கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவதை யோசிக்கலாம்.

திரை இரண்டு தசமம் காட்டினாலும் இந்த விலையில் நம்பத்தக்கது ஒரு தசமம்தான். கடைசி இலக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

அப்படியென்றால் எதற்கு வாங்குவது? ஓ லெவல் தேர்வுக்குப் பொது நிறங்காட்டித் தாள் (பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் தாள்) போதும், விலையும் மலிவு. (நம் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் கெடும், சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.) ஆனால் வலுவான அமிலத்துக்கும் வலுக்குறைந்த அமிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளால் தெளிவாகக் காட்ட முடியாது. பேனாவால் முடியும். 5 விழுக்காடு வினிகரில் அது 2.4 அளவில் காட்டும். அதில் 10 மில்லி எடுத்து 90 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 2.9. இன்னொரு பத்து மடங்கு நீர்த்தால் 3.4. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் முழுதாக 1 ஏறியிருக்கும். வினிகரில் பாதிதான் ஏறுகிறது, ஏனென்றால் நீர் கூடும்போது பிரியாமல் இருந்த மூலக்கூறுகளில் இன்னும் பல பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகின்றன. செறிவு வேறு, வலிமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வீட்டுச் சோதனை கிடையாது. இதற்காகவே இந்தப் பேனா வாங்கத் தகுந்தது.

சமையல் சோடாக் கரைசல் 8.3 அருகே வரும். எலுமிச்சைச்சாறு, தயிர் எல்லாவற்றிலும் நனைக்கலாம், எண்ணெய் மிதக்கும் ரசத்தில் மட்டும் வேண்டாம். மின்முனையின் நுண்துளை அடைபடும். கழிவுக்குழாய் சுத்திகரிக்கும் திரவத்தின் பக்கமே போகக்கூடாது: கடுங்காரம் கண்ணாடியை அரிக்கும், கையையும் புண்ணாக்கும்.

'ஏடிசி' (தானியங்கி வெப்பநிலை ஈடுகட்டல்) என்ற எழுத்தைப் பார்த்து வெப்பநிலைச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். அது மின்முனையின் மாற்றத்தை மட்டுமே ஈடுகட்டும். 30 டிகிரியில் கரைசலின் பிஎச்சே மாறியிருக்கலாம், 9.18 தாங்கல் அந்தச் சூட்டில் 9.14தான்.

பயன்படுத்தியபின் மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விடுங்கள். 100 மில்லி கரைசலுக்கு 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் மின்முனைக்குள் இருக்கும் அயனிகள் வெளியே கசிந்துவிடும். இந்த விலைப் பேனாக்களில் பெரும்பாலும் மின்முனையைத் தனியே மாற்ற முடியாது. அடிக்கடி அளப்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்து, மின்முனையைக் கழற்றி மாற்றும் வகையை வாங்குவதே நல்லது.