மரினாவிலிருந்து சாங்கி வரை: கார் தொல்லை இல்லாத சைக்கிள் பாதை எப்படி இருக்கிறது?

சிங்கப்பூரில் ரோடு பைக் (மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டிலும் உள்ள வேக சைக்கிள்) வாங்கிவிட்டு, லாரிகளோடு சாலையைப் பகிர்ந்து ஓட்டத் தயங்கி, அதை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இந்தப் பாதையைத்தான். மரினா அணைக்கட்டில் ஏறி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை முழுக்கக் கடந்து, விமான நிலையத்தின் ஓரமாகப் போய் சாங்கி கடற்கரைப் பூங்காவில் இறங்கலாம். போக மட்டுமே 25 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஓரிரு இடங்களில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், கார் நிறுத்துமிடங்களின் வாசலில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மற்றபடி பின்னாலிருந்து எந்த வண்டியும் ஹாரன் அடிக்காது. ஒரு பெருநகரத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் பாதை முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். "கூட்டம் தாங்கவில்லை, இனிமேல் வரமாட்டேன்" என்று சொல்பவர்களைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் நடுப்பகுதிக்குப் போய்விட்டு வந்தவர்களாகவே இருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே ரோடு பைக் ஓட்டவே முடியாது. வாடகை சைக்கிளில் முதன்முறையாக ஏறிய பிள்ளைகள், இரண்டு பேர் மிதிக்கும் வண்டியில் பக்கத்தில் ஓட்டுபவரோடு பேசிக்கொண்டே வளைந்து வளைந்து வருபவர்கள், படம் எடுக்கப் பாதையின் நடுவில் சட்டென்று நிற்பவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, அது குடும்பங்கள் வரும் பூங்கா. சட்டப்படி இந்தப் பாதைகளில் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்தான், அந்தக் கூட்டத்தில் 12 கூட அதிகம்.

விடிவதற்கு முன் போனால் இதே இடம் வேறு மாதிரி இருக்கும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளப் பூங்கா இது, 185 ஹெக்டர், எல்லாமே கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம், அதனால் மேடு என்ற ஒன்றே கிடையாது. நடப்பவர்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி என்று பெரும்பாலான இடங்களில் பாதையைப் பிரித்திருக்கிறார்கள். வலது பக்கம் கடலில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள், இடது பக்கம் மரங்களுக்கு அப்பால் விரைவுச்சாலையின் இரைச்சல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மழை பெய்த மறுநாள் சவுக்கு மரங்களுக்குக் கீழே ஊசி இலையும் குட்டிக் காய்களும் பாதையில் மெத்தையாகக் கிடக்கும். 25 மில்லிமீட்டர் டயரில் அந்த ஈர இலை மேல் வளைவில் சாய்த்தால் வழுக்கும், அங்கே பிரேக்கைத் தொடாமல் நேராக உருண்டு போய்விடுங்கள். கடற்கரையை ஒட்டி வளையும் இடங்களில் காற்று வாரிப்போட்ட மணலுக்கும் இதேதான்.

சரி, என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் உயிர் ஈஸ்ட் கோஸ்டில் இல்லை, அதைத் தாண்டிய பிறகு வரும் பகுதியில் இருக்கிறது. பூங்காவின் கிழக்கு முனையில் கூட்டம் மெல்லக் கரைந்து, விமான நிலைய வேலியை ஒட்டிய நீண்ட நேர்ப்பாதை வந்ததும் கைகள் தானாக ஹேண்டிலின் கீழ் வளைவுக்குப் போகும். திருப்பமும் இல்லை, சிக்னலும் இல்லை. ஒரே மிதி, ஒரே மூச்சு, அரை மணி நேரம் சீராக ஓட்டிப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. விமானங்கள் தாழப் பறக்கும்போது சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வரை தெரியும். குறை என்றால் நிழல்தான், ஒன்பது மணிக்கு மேல் வெயில் பிடரியில் அடிக்கும். அந்த நீளத்தில் கடையும் கிடையாது, எனவே இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று. சாங்கி நோக்கிப் போகும்போது எதிரே நின்று தள்ளும், திரும்பும்போது முதுகில் கை வைத்து அனுப்பும். அந்த மாதங்களில் மரினா பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம், களைத்துப் போன கால்களுக்குத் திரும்பும் வழி எளிதாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சில நாட்கள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து இடியும் மழையுமாகப் புயல்காற்று வரும். மேற்கே வானம் கறுத்திருந்தால் கிளம்பவே வேண்டாம், அந்த வேலியோரத்தில் ஒதுங்க இடம் கிடையாது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். ஈஸ்ட் கோஸ்டிலிருந்து விமான நிலைய இரண்டாம் முனையத்துக்கு ஓர் இணைப்புப் பாதை போகிறது, 3.5 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தார்கள். அதில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு இருபுறமும் டைனோசர் உருவங்கள், பார்க்கக் கட்டணம் இல்லை. முனையத்துப் பக்கம் காசு கொடுத்துக் குளிக்கும் வசதியும் சைக்கிள் வாடகையும் உண்டு. எங்கே வாடகைக்கு எடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் மார்பில் இடிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வலிக்கும்.

சாப்பாட்டுக்கு ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி இருக்கிறது, சாத்தேயும் (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) சுட்ட திருக்கை மீனும் பெயர் பெற்றவை, ஆனால் அது மாலை நேரத்து இடம். காலையில் ஓட்டுபவர்கள் கடைசி வரை போய் சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் சாப்பிடுவதுதான் முறை. சூடான தேங்காய்ப்பால் சோறு, மேலே சம்பல் என்ற மிளகாய் விழுது, மொறுமொறு நெத்திலி. 25 கிலோமீட்டர் மிதித்த பசியில் அது இறங்கும் விதமே தனி. பக்கத்திலேயே உபின் தீவுக்குப் படகுத்துறையும் இருக்கிறது, ஆனால் அங்கே உள்ள கரடுமுரடு பாதைகளுக்கு ரோடு பைக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

முன்பு இந்தப் பாதைக்கு வந்து சேர்வதே ஒரு வேலை. 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் மரின் பரேட், சிக்லாப், பேஷோர் நிலையங்கள் திறந்த பிறகு அந்தக் கவலை பாதி தீர்ந்தது. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் ரயிலில் வந்து, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதையில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் ஏறினால் நேராகப் பூங்காதான். சுரங்கத்துக்குள் தயவுசெய்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், முதியவர்கள் நிறையப் பேர் நடக்கிறார்கள். முதன்முறை என்றால் பேஷோரில் இறங்கிக் கிழக்கே திரும்புங்கள், கூட்டமான நடுப்பகுதி மேற்கே தங்கிவிடும், வேலியோர நேர்ப்பாதையும் சீக்கிரமே வந்துவிடும்.