சறுக்கல்களை எழுதிவைக்க ஒரு நாட்குறிப்பேடு: 90 நாள் பயன்பாட்டிற்குப் பிறகு

அன்றாடம் நேரும் சிறு தோல்விகளிலும் ஏமாற்றங்களிலும் மனம் தளராமல் இருக்க உதவும் என்று சொல்லி விற்கப்படும் நாட்குறிப்பேடுகளில் ஒன்றை வாங்கி, 90 நாட்களில் 81 நாட்கள் அதில் எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் பல வெளியீட்டாளர்கள் ஏடுகளைக் கொண்டுவருவதால், பெயரைக் குறிப்பிடாமல் அதன் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: இடப்பக்கத்துக்காக வாங்கலாம், வலப்பக்கத்தைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்தலாம், அடியில் அச்சிட்டிருக்கும் ஊக்க வாசகங்களைப் படிக்காமல் விட்டுவிடலாம்.

ஒவ்வொரு நாளுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இடப்பக்கம் அன்றைய சறுக்கலுக்கு உரியது. என்ன நடந்தது, அதற்கு நான் என்ன பொருள் கொண்டேன், அதனால் என்ன உணர்ந்தேன், வேறு எப்படிப் பார்க்கலாம் என்று அதில் நான்கு கட்டங்கள் உள்ளன. அவற்றின் கீழே ‘நாளைய முதல் வேலை’ என்று ஒற்றை வரி. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் வகுக்கத் தொடங்கிய சிகிச்சை முறையை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. ஒரு நிகழ்வு நம்மை நேரடியாக நிலைகுலைய வைப்பதில்லை, நிகழ்வுக்கும் உணர்வுக்கும் நடுவே அதைப் பற்றிய நம்முடைய நம்பிக்கை ஒன்று நிற்கிறது, அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்க முடியும் என்பதே அம்முறையின் அடிப்படை. கட்டங்களின் வரிசை இதை விளக்கவுரை ஏதுமின்றிக் கைப்பழக்கமாகவே கற்றுத்தந்துவிடுகிறது.

இந்த ஏட்டின் மிகச் சிறந்த பகுதி, முதல் கட்டத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: ‘ஒரு கேமரா பதிவு செய்திருக்கக்கூடியதை மட்டும் இங்கே எழுதுங்கள்.’ எல்லிஸிடம் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் மாக்ஸி மால்ட்ஸ்பி பயன்படுத்திய உத்தி இது. முதல் இரண்டு வாரங்கள் அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. பதினேழாம் நாள் மாலை, மறுநாள் காலையில் அனுப்பவேண்டிய ஓர் அறிக்கையைத் திறந்தபோது, பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து செய்த திருத்தங்களைக் காணவில்லை. தேடிப் பார்த்துக் களைத்த பிறகு ஏட்டை எடுத்து, ‘எல்லாம் பாழாகிவிட்டது, என்னை நம்பி யாரும் எதையும் ஒப்படைக்க முடியாது’ என்று முதல் கட்டத்தில் எழுதினேன். எழுதி முடித்த இடத்துக்கு நேர் கீழே அந்தப் பொடி எழுத்து வரி கண்ணில் பட்டது. பாழாவதைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. நம்பிக்கைக்கு உரியவனா இல்லையா என்பதையும் அது பதிவு செய்யாது. எழுதியதை அடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் நெருக்கி இப்படி எழுதினேன்: ‘22 பக்கங்களில் 6 பக்கங்களின் திருத்தங்கள் சேமிக்கப்படவில்லை. இப்போது இரவு 8:40. அனுப்பவேண்டிய நேரம் காலை 10 மணி.’

வருத்தம் அதனால் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். நெஞ்சில் இருந்த இறுக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ‘எல்லாம்’ என்பதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது. 6 பக்கங்களைத் தொடங்கத் தெரியும். அடித்த வரியையே இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது நான் கொண்ட பொருள் என்ற இடத்துக்கு, மாற்றி எழுதியபோது, அது நடந்த செய்தி அல்ல, நடந்ததன்மேல் நான் ஏற்றிய தீர்ப்பு என்பது எழுத்திலேயே தெரிந்தது. ‘நாளைய முதல் வேலை’ என்ற வரியில் விடியற்காலை 5 மணி என்றும், அதனருகே 14ஆம் பக்கம் என்றும் எழுதிவிட்டுப் படுத்தேன். நம்பிக்கையோடு இருப்பது என்றால் நடந்ததைச் சிறியதாகக் காட்டுவது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். நடந்ததை அதன் சரியான அளவில் எழுதுவதே போதும் என்பதை அந்தப் பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

இதே இடப்பக்கத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. ‘வேறு எப்படிப் பார்க்கலாம்’ என்ற நான்காம் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்று முன்னுரை வற்புறுத்துகிறது. தவறவிட்ட பேருந்துக்கும் மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் வேறு பார்வை கிடைக்கும். நெருங்கிய ஒருவர் நோயில் விழுந்த வாரத்தில் அந்தக் கட்டத்தின் முன் நான் நெடுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே நிரப்பக்கூடிய எந்த வாக்கியமும் உண்மையாக இருந்திருக்காது. சில துன்பங்கள் எவ்வளவு பெரியவை என்று முதலில் தோன்றுகிறதோ அவ்வளவு பெரியவைதாம். அந்த வாரத்தின் ஐந்து நாட்களில் நான்காம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஓரங்களிலெல்லாம் எழுதினேன், ஏனெனில் ஐந்தே வரிகள் கொண்ட ஒரு கட்டம் அத்தகைய நாளுக்குப் போதாது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தம் வாழ்வின் கடுமையான அனுபவங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாட்கள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை தாழ்ந்தது. பயன், பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடிச் சென்றது குறைந்ததில் தெரிந்தது. எழுதிய இரவே மனம் லேசாகிவிடும் என்று வாக்களிக்கும் ஓர் ஏடு இதைப் பயனருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், எழுதிய பிறகும் கனம் குறையாதபோது நானே ஏதோ தவறு செய்கிறேன் என்று நினைத்துவிட்டேன்.

வலப்பக்கம் அன்று நடந்த மூன்று நல்லவற்றுக்கானது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்ட பயிற்சியை இது பின்பற்றுகிறது. அதில் பங்கேற்றவர்கள் ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் நன்றாக நடந்த மூன்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதினார்கள். ஆறு மாதம் வரை அவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு இந்த ஏடு ஒவ்வொரு நிகழ்வுக்கும் அரை வரிதான் கொடுக்கிறது என்பது பெரிய குறை. நல்லவற்றை மட்டும் எழுதிக்கொண்டு போனபோது ஐந்தாம் வாரத்தில் ‘நல்ல தூக்கம்’ என்ற ஒரே சொல் நான்கு நாட்கள் திரும்பத் திரும்ப வந்தது. காரணத்தையும் எழுதத் தொடங்கிய பிறகே பக்கம் உயிர்பெற்றது. ‘கோபத்தில் எழுதிய பதிலை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன்’ என்பது ஒரு நாளின் நல்ல செய்தி. ‘எழுதியதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்’ என்ற காரணமோ மறுமுறையும் நான் செய்யக்கூடிய ஒரு காரியம்.

ஒவ்வொரு வலப்பக்கத்தின் அடியிலும் ‘நான் வெல்லப் பிறந்தவன்’ என்பதுபோல ஒரு வாசகம் தடித்த எழுத்தில் இருக்கிறது, அதை மூன்று முறை உரக்கச் சொல்லவும் பணிக்கிறது. இதை நீக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர்கள் இத்தகைய வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை அப்படிச் சொல்லாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. மனம் உடைந்திருக்கும் நாளில்தான் ஒருவர் இந்த ஏட்டைத் தேடி எடுக்கிறார். அன்றைக்கு, உள்ளே இருக்கும் நினைப்புக்கும் வாய் சொல்லும் சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அந்த வாசகம் காட்டும்.

முன்னுரையில் 21 நாட்களில் எழுதுவது பழக்கமாகிவிடும் என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கொண்டு நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போவது அந்தப் போக்கைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. இந்த ஏடோ பக்கங்களின் தலையில் சங்கிலி வளையங்களை அச்சிட்டு, தொடர் அறுபடாமல் ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டச் சொல்கிறது. நான் எழுதாமல் விட்ட 9 நாட்களும் வண்ணமில்லாத வளையங்களாக நின்று, ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் பட்டன. சறுக்கல்களைத் தாங்கக் கற்றுத்தரும் பொருளில், அதையே பயன்படுத்துவதில் நேரும் சறுக்கலுக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

தாள் நன்றாகவே இருக்கிறது. மைப்பேனாவில் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை. தையல் கட்டு என்பதால் ஏடு மேசைமேல் விரித்தபடி படிந்து கிடக்கிறது. அட்டையின் மூலைகள் மட்டும் இரண்டாம் மாதத்திலேயே மடங்கிவிட்டன.

அன்றாட எரிச்சல்களும் ஏமாற்றங்களும் நாளை முழுவதுமாக விழுங்கிவிடுகின்றன என்று உணர்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள் முதலில் ஒரு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். எல்லிஸின் முறையும் ஒருவர் எதிரே அமர்ந்து கேட்க, பேசி நடத்தப்பட்டதுதான். இதைச் சொல்ல ஏட்டில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

அடுத்த பதிப்பில் வாசகங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தை ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கொடுத்தால் இரண்டாம் பிரதியை வாங்குவேன். இப்போதைக்குக் கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்களை நானே வரைந்து, முதல் கட்டத்தின் கீழே அந்தக் கேமரா வரியைப் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.