யூனிட்டெஸ்டா, பைடெஸ்டா? உடையும்போது எது பேசுகிறது

சொற்பட்டியல் ஒன்றைச் சரிபார்க்கும் சின்ன பைத்தான் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ‘கொடி’ என்ற சொல் பட்டியலில் கிடைக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஃபெயில் ஆனது. திரையில் வந்த செய்தி: ‘கொடி’ சமமில்லை ‘கொடி’. இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எழுத்துப்பிழை இல்லை, முன்னே பின்னே இடைவெளி இல்லை. அரை மணி நேரம் அந்த இரண்டு சொற்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் யூனிகோடில், அதாவது எழுத்துகளைக் கணினி எண் குறியீடுகளாகச் சேமிக்கும் முறையில் இருந்தது. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பைத்தானைக் கேட்டால் முதல் ‘கொடி’யின் நீளம் 4 என்றும் இரண்டாவதின் நீளம் 5 என்றும் சொல்லும். பழைய கோப்பிலிருந்து எடுத்த பட்டியலில் ஐந்து குறியீட்டுக் ‘கொடி’ இருந்தது. நான் டெஸ்ட்டில் தட்டச்சு செய்தது நான்கு குறியீட்டுக் ‘கொடி’.

பைத்தான் நிரல்களைச் சோதிக்க யூனிட்டெஸ்ட், பைடெஸ்ட் என்று இரண்டு கருவிகள் உண்டு. இதைக் கண்டுபிடித்த விதத்தில்தான் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் எனக்கு உறைத்தது. சந்தேகம் வந்ததும் இரண்டு சொற்களின் நீளத்தையும் ஒப்பிடும்படி டெஸ்ட்டை மாற்றினேன். யூனிட்டெஸ்டில் அஸர்ட்ஈக்வல் (இரண்டு மதிப்பும் சமமா என்று பார்ப்பது) போட்டால் வருவது ‘5 சமமில்லை 4’, அவ்வளவுதான். எந்த 5, எங்கிருந்து வந்த 4 என்று தெரியாது. அதையே பைடெஸ்டில் வெறும் அஸர்ட் (‘இது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று சொல்லும் பைத்தான் கட்டளை) வரியாக எழுதியபோது, ஒப்பீடு பொய் என்று சொன்னதோடு நிற்காமல், 5 என்பது இந்தக் ‘கொடி’யின் லென் (நீளம்), 4 என்பது அந்தக் ‘கொடி’யின் லென் என்று கீழே இரண்டு வரி சேர்த்துக் காட்டியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு சொல்லுக்கு இரண்டு நீளம். அந்த நிமிடமே விடை கிடைத்துவிட்டது. உள்ளே வரும் எல்லாச் சொல்லையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு மாற்றினேன். ஒரு வரி வேலை.

டெஸ்ட் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவதற்கு எத்தனை வரி மிச்சம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். எழுதுவது ஒருமுறை. அது உடைந்து, ராத்திரி பத்து மணிக்கு நாம் காரணம் தேடுவதுதான் பலமுறை. அதனால் இந்த அலசல் முழுவதும் ஒரே கேள்வியைத்தான் இரண்டிடமும் கேட்கப்போகிறேன்: டெஸ்ட் ஃபெயில் ஆனதும் நீ எனக்கு என்ன சொல்கிறாய்?

முதலில் இருவரின் ஊரும் பேரும். யூனிட்டெஸ்டின் பூர்விகம் ஜாவா உலகம். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் எழுதிய ஜாவா சோதனைக் கருவி ஜேயூனிட்டைப் பார்த்து ஸ்டீவ் பர்செல் பைத்தானுக்குச் செய்தது பையூனிட். அது 2001இல் பைத்தான் 2.1 வந்தபோது யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் பைத்தானோடேயே வரத் தொடங்கியது. செட்அப் (டெஸ்ட்டுக்கு முன் தயாரிப்பு), டியர்டவுன் (முடிந்தபின் துப்புரவு), அஸர்ட்ஈக்வல் போன்ற பெயர்களில் நடுவே பெரிய எழுத்து வருவது அந்த ஜாவா வழக்கத்தின் மிச்சம். பைடெஸ்ட் ஹோல்கர் கிரெகலின் முயற்சியில் பைபை (பைத்தானை ஓட்டும் இன்னொரு வடிவம்) திட்டத்தைச் சுற்றி வளர்ந்தது. இதைத் தனியாக நிறுவ வேண்டும். இடையில் நோஸ் என்றொரு கருவியும் ஓடியது. அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் போய், பைத்தான் 3.10இல் அது ஓடவே இல்லை. பழைய புராஜெக்டில் நோஸ் இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பைடெஸ்ட் எப்படி அவ்வளவு விவரம் சொல்கிறது? டெஸ்ட் கோப்பை இம்போர்ட் செய்யும்போதே அதிலுள்ள அஸர்ட் வரிகளை அது திருத்தி எழுதிவிடுகிறது. ஒப்பீட்டின் இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில் கூப்பிட்ட ஃபங்ஷன்கள் எல்லாவற்றின் மதிப்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு எல்லை உண்டு. டெஸ்ட் கோப்புகளையும் கான்ஃப்டெஸ்ட் கோப்பையும் (டெஸ்ட்டுகளுக்குப் பொதுவானதை வைக்கும் பைடெஸ்ட் கோப்பு) பிளகின்களையும்தான் அது திருத்தும். பல டெஸ்ட்டுகளுக்குப் பொதுவாக ஒரு உதவிக் கோப்பு எழுதி, அதில் அஸர்ட் போட்டால், ஃபெயில் ஆகும்போது ‘அஸர்ஷன்எரர்’ என்ற ஒற்றை வார்த்தைதான் வரும். ‘நேற்று வரை விவரம் சொன்னது, இன்று ஊமையாகிவிட்டதே’ என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ரெஜிஸ்டர் அஸர்ட் ரீரைட் என்ற ஃபங்ஷனில் அந்தக் கோப்பின் பெயரை, அதை இம்போர்ட் செய்வதற்கு முன்பே பதிந்தால் சரியாகிவிடும்.

ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட் பாஸ் ஆவது இன்னும் மோசம். இதில் இரண்டு பக்கமும் குழி இருக்கிறது. பைடெஸ்டில் அஸர்ட்டுக்குப் பின்னால் ஒப்பீட்டையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் அது ஒரு டியூபிள் (பல மதிப்புகளின் தொகுப்பு) ஆகிவிடும். காலியில்லாத டியூபிள் எப்போதும் உண்மை என்பதால் டெஸ்ட் என்றைக்கும் பாஸ். இதற்குப் பைத்தான் எச்சரிக்கை தருகிறது, எச்சரிக்கையைப் படிக்கிற பழக்கம் இருந்தால் தப்பிக்கலாம். யூனிட்டெஸ்டில் அஸர்ட்ஈக்வல் எழுத வேண்டிய இடத்தில் கை தவறி அஸர்ட்ட்ரூ (முதல் மதிப்பு உண்மையா என்று மட்டும் பார்ப்பது) எழுதினால் இரண்டாவது மதிப்பைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளும். விடை 7 வந்தாலும் 70 வந்தாலும் பாஸ். இதற்கு எச்சரிக்கையே கிடையாது. மற்றவர்கள் எழுதிய டெஸ்ட்டுகளைப் பார்க்க உட்காரும்போது அஸர்ட்ட்ரூவுக்குள் காற்புள்ளி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

அதேபோல ஒரு டெஸ்ட்கூட ஓடாமலே பச்சை விளக்கு எரிவதும் உண்டு. யூனிட்டெஸ்ட் தானாகத் தேடும்போது ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் கோப்புகளைத்தான் எடுக்கும். பெயரின் கடைசியில் டெஸ்ட் என்று வைத்தால் அதன் கண்ணில் படாது. பைத்தான் 3.11 வரை இந்த நிலையில் ‘0 டெஸ்ட் ஓடியது, ஓகே’ என்று வெற்றியாகவே முடிந்துவிடும். 3.12இல் திருத்திவிட்டார்கள், எதுவும் ஓடாவிட்டால் இப்போது தோல்வியைக் காட்டும் முடிவு எண்ணாக 5 திரும்புகிறது. பைடெஸ்ட் முன்பிருந்தே இதே 5ஐத் திருப்பித் தருகிறது, கோப்புப் பெயரின் தொடக்கம், கடைசி இரண்டிலும் தேடுகிறது. இதில் பைடெஸ்டுக்குத்தான் என் ஓட்டு.

பணக் கணக்கு வரும்போது என் ஓட்டு மாறுகிறது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைத்தானில் 0.3 வராது, 0.30000000000000004 வரும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் யூனிட்டெஸ்டில் அஸர்ட்ஆல்மோஸ்ட்ஈக்வல், பைடெஸ்டில் அப்ராக்ஸ் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே வேலை என்று நினைக்க வேண்டாம். அஸர்ட்ஆல்மோஸ்ட்ஈக்வல் வித்தியாசத்தை ஏழு தசம இடத்துக்குச் சுருக்கி, அது பூஜ்ஜியமா என்று பார்க்கும். அப்ராக்ஸ் விகிதத்தைப் பார்க்கும். சொல்லாமல் விட்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை தள்ளுபடி. அப்படியென்றால் 10 லட்சம் ரூபாய் பில்லில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் பைடெஸ்ட் பாஸ் போட்டுவிடும்! 50 பைசா குறைந்ததை ஒரு டெஸ்ட் கண்டுகொள்ளாமல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். கூட்டுத்தொகை தப்பு என்று கணக்கு பார்ப்பவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. யூனிட்டெஸ்ட் அந்த இடத்தில் நிச்சயம் கத்தியிருக்கும்.

பைடெஸ்டிலேயே இருக்க வேண்டுமென்றால் அப்ராக்ஸுக்கு ஏபிஎஸ் அளவை வெளிப்படையாகக் கொடுங்கள். அதை மட்டும் கொடுத்தால் விகிதத் தள்ளுபடி தானாக நின்றுவிடும். இதைவிட நல்லது, பணத்தை ஃப்ளோட்டில் (பைத்தானின் வழக்கமான தசம எண், தோராயமானது) வைக்காமல் டெசிமலில் (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் வகை) வைப்பது, அல்லது பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பது. அப்போது ‘ஏறத்தாழ’ என்ற பேச்சே வேண்டாம். ரவுண்டு ஃபங்ஷனையும் பணத்துக்கு நம்ப வேண்டாம்: 2.5ஐ முழு எண்ணாக்கினால் 2 தரும், 2.675ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.67 தரும். முதலாவது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும் பைத்தானின் விதி. இரண்டாவது, 2.675 என்ற எண்ணை ஃப்ளோட்டில் சரியாக எழுத முடியாததால் வருவது.

அடுத்தது தேதி. லேப்டாப்பில் பாஸ், சர்வரில் அதிகாலையில் மட்டும் ஃபெயில் என்றால் நேர மண்டலத்தைச் சந்தேகப்படுங்கள். நிரல் இந்திய நேரத்தில் இன்றைய தேதியைச் சரியாக எடுக்கும். டெஸ்ட்டிலோ வெறும் டேட் டுடே (ஓடும் கணினியின் தேதி) என்று எழுதியிருக்கும். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், இங்கே நள்ளிரவு 12 முதல் 5.30 வரை அங்கே இன்னும் நேற்று. டெஸ்ட்தான் தப்பு, நிரல் இல்லை.

இதைச் சரிசெய்ய, இன்றைய தேதியைப் போலியாக மாற்ற வேண்டும். அதற்கான கருவிகளில் யூனிட்டெஸ்டோடு வருவது மாக், பைடெஸ்டோடு வருவது மங்கிபேட்ச். இரண்டிலும் எல்லோரும் விழுகிற இடம் ஒன்றுதான்: பெயர் பிறந்த இடத்தில் மாற்றுகிறார்கள், பயன்படும் இடத்தில் மாற்றுவதில்லை. பில் என்ற உங்கள் மாட்யூல் டேட்டைத் தனியாக இம்போர்ட் செய்து வைத்திருந்தால், டேட்டைம் மாட்யூலில் போய் மாற்றி என்ன பயன்? பில்லின் கையில் பழைய டேட் பத்திரமாக இருக்கும். பில்லுக்குள் இருக்கும் டேட்டைத்தான் மாற்ற வேண்டும். டேட் வகுப்பின் டுடேயை நேரடியாக மாற்றப் பார்த்தால் பைத்தான் டைப்எரர் கொடுத்து மறுத்துவிடும், அது சி மொழியில் எழுதிய மாறாத வகுப்பு.

மாக்கில் வசதி அதிகம், ஆபத்தும் அதிகம். எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘இருக்கிறது’ என்று தலையாட்டும் பொருள் அது. ‘அஸர்ட் கால்டு ஒன்ஸ்’ (ஒரே ஒருமுறை கூப்பிடப்பட்டதா என்ற சோதனை) என்பதில் அஸர்ட்டை விட்டுவிட்டு எழுதினால், பழைய பைத்தானில் எதையும் சோதிக்காமல் அமைதியாகப் போய்விடும். 3.12இல்தான் இதைப் பிழையாக்கினார்கள். ஆட்டோஸ்பெக் என்ற விருப்பத்தைப் போட்டுப் பழகினால், உண்மையான பொருளில் இல்லாத பெயரை மாக்கும் ஏற்காது. மங்கிபேட்ச் சாதுவானது. மாற்றும், டெஸ்ட் முடிந்ததும் பழையபடி வைத்துவிடும், அவ்வளவே. எனக்குப் பிடித்த வழி இரண்டுமில்லை: இன்றைய தேதியை ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் போலி எதுவும் தேவைப்படாது.

ஒரே ஃபங்ஷனைப் பத்துச் சொற்களுக்குச் சோதிக்க, டெஸ்ட்டுக்குள் லூப் போட்டால் முதல் தோல்வியோடு நின்றுவிடும். யூனிட்டெஸ்டின் சப்டெஸ்ட் மீதியையும் ஓட்டும். பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் ஒவ்வொரு சொல்லையும் தனி டெஸ்ட்டாகவே ஆக்கும், உடைந்ததை மட்டும் திரும்ப ஓட்டலாம். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு இடைஞ்சல்: தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் டெஸ்ட்டின் பெயரில் சொல் தெரியாது, பின்சாய்கோடும் குறியீட்டு எண்களுமாக ஒரு நீளச் சங்கிலி தெரியும். இதை நிறுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. ‘இதை நிறுத்தினால் சமூகத்திடம் உதவி கேட்கும் உரிமையை விட்டுத்தருகிறேன்’ என்ற பொருளில் மிக நீண்ட பெயர் அதற்கு. நான் அதைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். எந்தச் சொல் உடைந்தது என்று தமிழிலேயே படிப்பது எனக்கு அதைவிட முக்கியம்.

செட்அப்பா, ஃபிக்ஸ்சரா (டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயாரித்துத் தரும் பைடெஸ்ட் ஃபங்ஷன்) என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறு. செட்அப் அதே வகுப்பில் கண்ணெதிரே இருக்கும். ஆனால் செட்அப் நடுவில் உடைந்தால் டியர்டவுன் ஓடாது, திறந்த கோப்பு திறந்தபடியே கிடக்கும். ஆட்கிளீனப் என்பதில் மூடும் வேலையை முன்பே பதிந்து வைத்தால்தான் மூடும். ஃபிக்ஸ்சர்களில் ஒன்று உடைந்தாலும், அதற்கு முன் தயாரான மற்றவை ஒழுங்காக மூடப்படும். ஃபிக்ஸ்சர் கான்ஃப்டெஸ்டில் எங்கோ ஒளிந்திருப்பதுதான் புதியவர்களைக் கலங்கடிக்கிறது. ஃபிக்ஸ்சர்ஸ் என்ற விருப்பத்தோடு பைடெஸ்டை ஓட்டினால் எது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பட்டியல் வரும். அப்புறம், பிரின்ட் போட்டேன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: பைடெஸ்ட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபெயில் ஆனால் மட்டும் காட்டும். ‘-எஸ்’ கொடுத்தால் உடனுக்குடன் வரும்.

யூனிட்டெஸ்டை எங்கே விடக்கூடாது என்றால், வெளியிலிருந்து எதையும் நிறுவ அனுமதி இல்லாத சர்வர்களில். பைத்தான் இருந்தால் அது இருக்கும். இணையதளம் கட்டும் பைத்தான் கருவியான ஜாங்கோவின் டெஸ்ட்கேஸும் அதன் மேல்தான் கட்டப்பட்டது. வேலை செய்கிற ஐநூறு டெஸ்ட்டை மாற்றி எழுத உட்கார வேண்டாம். பைடெஸ்டை நிறுவி அதே கோப்புகளின் மேல் ஓட்டுங்கள், யூனிட்டெஸ்ட் வகுப்புகளை அது அப்படியே ஓட்டும். பாராமெட்ரைஸ் மட்டும் அந்த வகுப்புகளுக்குள் வேலை செய்யாது. ஓட்டும்போது மாட்யூல் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், பைத்தானுக்கு ‘-எம்’ கொடுத்து அதன் வழியாகப் பைடெஸ்டைக் கூப்பிடுங்கள். அப்போதுதான் நீங்கள் நிற்கிற கோப்புறையும் தேடும் பாதையில் சேரும்.

என் சொற்பட்டியல் நிரலில் பழைய டெஸ்ட்டுகள் இன்றும் யூனிட்டெஸ்ட் வடிவில்தான் இருக்கின்றன. ‘கொடி’க்குப் பிறகு சேர்த்தவை எல்லாம் வெறும் அஸர்ட். ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் அதே இரட்டை வேடம் உண்டு என்பதால் அவற்றுக்கும் ஆளுக்கொரு வரி சேர்த்திருக்கிறேன்.