ஹெட்லைட் லெவலர் மோட்டார் மாற்றியதாக 9,800 ரூபாய் வாங்கினார்கள், கழற்றிப் பார்த்தால் மோட்டாரே இல்லை!

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள், முக்கியமாக மஞ்சள் போர்டு வைத்திருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். திருச்சியில் இருக்கும் கார் எலக்ட்ரிக்கல், அக்சஸரீஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவு, ஏசி போட்ட காத்திருப்பு அறை, சுவர் முழுக்க எல்.ஈ.டி. பல்பு டப்பாக்கள், வாசலில் 'ஹெட்லைட் ஃபோகஸ் செய்து தரப்படும்' என்று பெரிய போர்டு. ஃபோகஸ் என்றால் லைட்டின் சாய்வைச் சரியாக வைப்பது.

என்னிடம் இருப்பது டாக்ஸி ஓடும் ஒரு செடான். கரூர், குளித்தலை பக்கத்து ஆட்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் விடுவதும் அழைத்து வருவதும்தான் முக்கால்வாசி ஓட்டம். துபாய், சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள், வருகிறவர்கள். பாதி டிரிப் நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் விழும். டிக்கி நிறையப் பெட்டி, பின் சீட்டில் மூன்று பேர், சில நேரம் மேலே கேரியரில் வேறு. பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், லைட்டும் சேர்ந்து மேலே போகும். அப்படித் தூக்கிய லைட்டைக் கீழே இறக்கத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் லைட்டை இறக்குவதுதான் லெவலர் மோட்டார். நிறையப் பேர் வண்டி வாங்கியதிலிருந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். எனக்கு அது தினசரி வேலை. ஆள் ஏறி, பெட்டி ஏறியதும் 2-லோ 3-லோ வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

சில மாதங்களாக அந்தத் திருகைத் திருப்பினால் லைட் அசையவில்லை. இடது பக்க லைட் பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஆட்டம் வேறு கொடுத்தது. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்ட வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைக் கட்டாயம் பார்ப்பார். அதனால்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முப்பது வயசுப் பையன். பேச்சில் தேன் ஒழுகியது. "அண்ணே, நைட்ல ஓட்டுறவங்க உசுரே இந்த லைட்லதாண்ணே இருக்கு, இதுல போய் நாங்க காசு பாப்பமா" என்றான். என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு லெவலர் மோட்டாரை உள்ளங்கையில் வைத்து விளக்கினான். லைட்டுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கிண்ணமான ரிஃப்ளெக்டர் மூன்று புள்ளியில் நிற்கிறது. ஒன்று அசையாத பந்து மூட்டு, மற்ற இரண்டில் ஒன்று மேலே கீழே, இன்னொன்று இடம் வலம். மேலே கீழே ஆட்டுகிற புள்ளியில்தான் இந்த மோட்டார் உட்காருகிறது. இதன் முனையில் இருக்கும் வெள்ளைக் குண்டு ரிஃப்ளெக்டரின் பின்னால் இருக்கும் குழிக்குள் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். உள்ளே சின்னப் பற்சக்கரங்கள். திருகில் 0, 1, 2, 3 வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வோல்டேஜ் போகிறது, அதற்கேற்ப முனை சில மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்கிறது, லைட் ஏறி இறங்குகிறது. இந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் கொடுமை. வேலை முழுக்கத் தெரிந்தவன்தான் ஏமாற்றியிருக்கிறான்.

டப்பா ஹாலோகிராம் ஸ்டிக்கரோடு இருந்தது. ஒரு மூலை மடங்கி, மேலே கிரீஸ் விரல் தடம் ஒன்று. அதை என் முன்னாலேயே திறந்து காட்டினான். "ரெண்டு பக்கமும் மாத்திடலாம்ணே. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா லெவல் ஒத்துவராது. பம்பர் கழட்டணும், ஃபோகஸ் வைக்கணும், எல்லாம் சேர்த்து 9,800." நானும் சரி என்றேன். வேலை நடக்கும் இடத்துக்குள் வர வேண்டாம், இன்சூரன்ஸ் ரூல் என்று ஏசி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முடிந்ததும் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி லைட் போட்டுக் காட்டினான். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு பிடித்த மாதிரி நின்றது. ஆட்டமும் இல்லை. பழைய மோட்டார் எங்கே என்று கேட்டேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சுண்ணே." பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் 'லெவலர் செட் 2, ஃபோகஸ், லேபர், 9,800' என்று எழுதிக் கொடுத்தான். ஜி.எஸ்.டி. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். இன்றுவரை வரவில்லை. 9,800 ரூபாயை மட்டும் அங்கேயே யூபிஐயில் வாங்கிக்கொண்டான்.

அந்தச் சுவர் இருந்த தூரம் இரண்டு மீட்டர் இருக்கும். இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று சொல்கிறேன். கார்களில் லோ பீம், அதாவது எதிரே வண்டி வரும்போது போடுகிற தாழ்ந்த வெளிச்சம், பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டிக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். லைட் கூட்டின் மேலேயே பல கார்களில் இந்த அளவை அச்சடித்திருப்பார்கள். லைட் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த வெளிச்சம் 65 மீட்டரில் ரோட்டைத் தொடும். இரண்டு மீட்டர் சுவரில் அந்தச் சாய்வு வெறும் 2 சென்டிமீட்டர். லைட் சரியாக இருக்கிறதா, நேராக எதிராளி முகத்தைப் பார்க்கிறதா என்று அந்தத் தூரத்தில் யார் கண்ணுக்கும் பிடிபடாது. அதுவும் காலி வண்டியில்!

வண்டியை எடுத்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். லைட் தூரமாகப் போனது, மைல்கல் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். லைட் தூக்கி நின்றால் ஓட்டுகிறவனுக்கு நன்றாகத்தான் தெரியும். கஷ்டம் முழுக்க எதிரே வருகிறவனுக்கு. அவன் நம்மிடம் வந்து சொல்லப் போவதில்லை, கடையிலும் போய்ச் சண்டை போடப் போவதில்லை. டயரிலோ பிரேக்கிலோ இப்படிச் செய்திருந்தால் இரண்டே நாளில் மாட்டியிருப்பார்கள். ஹெட்லைட்டில் செய்தால் காசு கொடுத்தவனே 'சூப்பர் வேலை' என்று சொல்லிவிட்டுப் போவான். இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் செய்கிறார்கள்.

கரூர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். காவிரிக் கரையோரம், வாழைத் தோப்பு, வாய்க்கால், பல இடங்களில் நடுவே தடுப்பு கிடையாது. ஏர்போர்ட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது எதிரே வந்த ஒவ்வொருவரும் லைட்டை இறக்கச் சொல்லி எனக்கு டிம் அடித்தார்கள். லாரிக்காரர் ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போனார். நான் லோ பீமில்தான் இருந்தேன். திருகை 3-இல் வைத்தேன், ஒன்றும் அசையவில்லை. முக்கொம்பு தாண்டி, பால் கேன் கட்டிய மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் கண் கூசி, ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டார். ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி வாய்க்கால். அந்த ஆள் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது? 9,800 ரூபாய் வாங்கியவன் வந்து சொல்வானா?

மறுநாளே கடைக்கு போன் போட்டேன். "புதுசுல்லண்ணே, செட் ஆகட்டும்." இரண்டு டிரிப் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். "லோடு ஏத்துனா லைட் தூக்கத்தான் செய்யும், அது எல்லா வண்டியிலயும் உள்ளதுதான்." லோடு ஏற்றினால் இறக்குவதற்குத்தானே அந்த மோட்டார், அதற்குத்தானே 9,800 கொடுத்தேன் என்றேன். ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான்.

நேரில் போனேன். அதே பையன் இப்போது 'சார்' போட்டுப் பேசினான். "வேணும்னா லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தர்றோம் சார், ஃப்ரீயா." ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம் குறையும், சாய்வு எப்படி மாறும்? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதியையே போனில் எடுத்துக் காட்டினேன். 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஆளுக்குக் கூசாதபடி லைட் நிரந்தரமாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கவுன்ட்டரில் இன்னொரு கஸ்டமரிடம் ஒரு டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். மூலை மடங்கி, கிரீஸ் விரல் தடம் பதிந்த அதே டப்பா. எனக்கு மாட்டியதாகச் சொன்ன அதே டப்பா!

அந்த வேகத்திலேயே வண்டியைக் குளித்தலையில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் பாயிடம் விட்டேன். நேற்று பம்பரை இறக்கி, லைட் இரண்டையும் வெளியே எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். வலது பக்கத்தில் என் பழைய செத்த மோட்டாரே திரும்ப உட்கார்ந்திருந்தது. அதற்கான சாக்கெட்டைக்கூட மாட்டவில்லை, டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். இடது பக்கத்தில் மோட்டாரே இல்லை. மோட்டார் இருக்க வேண்டிய துவாரத்தில் ஒரு ரப்பர் மூடி. அதை நெம்பி எடுத்து டார்ச் அடித்தார். உடைந்துபோன குழியை ரிஃப்ளெக்டரோடு சேர்த்துச் சாம்பல் நிற எம்-சீல் பசை வைத்து அப்பியிருக்கிறார்கள், விரலால் அமுக்கிய பள்ளம்கூட அப்படியே தெரிந்தது. லைட் ஆடாமல் நின்றது அதனால்தான். பாய் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினார். பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றியது. "தம்பி, இதை இனிமே யாரும் ஃபோகஸ் வைக்க முடியாது. முழு லைட்டையும்தான் மாத்தணும்" என்றார்.

முதலில் வெறும் மோட்டார் கோளாறாக இருந்தது, இப்போது லைட்டே குப்பை. 9,800 ரூபாய் கொடுத்து நல்ல ரிஃப்ளெக்டரையும் கெடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "வெளி ஆள் ஓபன் பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு." எந்த வாரண்டி? பில்லே கொடுக்காதவனுக்கு வாரண்டி எங்கிருந்து வந்தது?

1915 நுகர்வோர் உதவி எண்ணில் நேற்று இரவே புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். 9,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அலையத்தான் போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது மனசு அந்த நிலையில் இல்லை. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். லெவலர் வேலை என்றால் பக்கத்தில் நின்று பாருங்கள், உள்ளே விடாத கடையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் லோ பீம் போட்டு, ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்து 0-இலிருந்து 3-க்குத் திருப்பச் சொல்லுங்கள். சுவரில் வெளிச்சம் கண் முன்னே இறங்க வேண்டும், லைட் பக்கம் காதை வைத்தால் மோட்டார் சத்தம் மெல்லக் கேட்க வேண்டும். ஃபோகஸை 10 மீட்டர் தள்ளிச் சமதரையில் பாருங்கள், டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஆள் இருக்கட்டும், திருகு 0-இல் இருக்கட்டும். ரொம்பவும் இறக்கி வைத்தாலும் ஆபத்துதான்: 2 சதவீதம் சாய்ந்தால் வெளிச்சம் 32 மீட்டரில் முடிந்துவிடும், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை விநாடிகூட இல்லை. துண்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

லைட் மாற்றும்வரை இரவு டிரிப் எதையும் எடுக்கப்போவதில்லை, கூப்பிட்டவர்களிடம் சொல்லிவிட்டேன். திருச்சி பக்கம் வேறு யாருக்காவது லெவலர், ஃபோகஸ் என்று சொல்லி இதே மாதிரி நடந்திருந்தால், அந்தச் சீட்டையும் யூபிஐ ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்.